பதினொரு கிலோ எதிலிருந்து குறைந்தது?

புதிதாக ஜிம் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாரே, உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எத்தனை தரம் தூக்க வேண்டும், எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், இதயத் துடிப்பு எவ்வளவில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் படித்துச் சான்றிதழோடு வருகிறீர்கள். அப்படியொரு படிப்பு இருக்கிறது என்பதே என் சேவைக்காலத்தில் பாதி கழிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவள் என்ற ஒரே தகுதியோடு உள்ளே வந்தவள் நான். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததை நான் திரும்ப எழுதப் போவதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஆளிடம் இரண்டு தடவை பிழை விட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான பிழைகள். அதை எழுதுகிறேன்.

எங்கள் ஜிம் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில் இருந்தது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் கதவை உள்ளால் பூட்டி, யன்னல் திரைகளை இழுத்துவிடுவோம். வாசல் பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தேன். ஒவ்வொருவருடைய பெயருக்கு நேரே, வந்த அன்று இருந்த நிறை, இன்றைய நிறை, குறைந்த கிலோ. அந்தப் பலகை என்னுடைய யோசனை. அதில் பெரிய எண் விழுந்தால் எனக்கே பதக்கம் கிடைத்த மாதிரி இருக்கும்.

நஸீமா அக்கா மடவளையிலிருந்து வந்தவர். வயது ஐம்பத்தாறு. கணவருக்குப் புடவைக்கடை. பிள்ளைகள் மூவரும் திருமணம் முடித்துவிட்டார்கள். முதல் நாள் மாடிப்படி ஏறி வந்ததும் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தொண்ணூற்றிரண்டு கிலோ. முழங்கால் வலி வந்து, மூன்று வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். அடுத்த நோன்பு மாதத்துக்கு முன்னர் தங்கையோடு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதென்று முடிவாகியிருந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கையில் இருந்தது. வைத்தியர், நிறையைக் குறைத்தால் முழங்கால் சுகப்படும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: எத்தனை கிலோ குறைக்க விருப்பம்?

அவர் எண் எதுவும் சொல்லவில்லை.

"எனக்கு மெலிஞ்சி அழகா வரத் தேவல்ல, மிஸ். கஃபாவச் சுத்தி எண்ட கால்ல நடக்கணும். அங்க எல்லாரையும் போல நிலத்துல சுஜூது செஞ்சிட்டு எழும்பணும். அதுக்கு என்ன செய்யணுமோ செல்லுங்க, நான் செய்றன்."

இதைவிடத் தெளிவாக ஒரு ஆள் தன் தேவையைச் சொல்ல முடியாது. நடக்க வேண்டும், நெற்றி நிலத்தில் பட வணங்கி எழும்ப வேண்டும். இரண்டு வேலைகள். நான் இரண்டையும் காதில் வாங்கினேன். கொப்பியில் "இருபது கிலோ" என்று எழுதினேன்.

அன்று தரையில் விரிப்பில் இருக்கவைத்து எழும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கையைப் பக்கத்தில் உட்காரப் போட்டிருந்த நீள வாங்கின்மேல் ஊன்றி, சிரமப்பட்டு எழும்பினார். நிறை குறைந்தால் இது தானாகவே இலேசாகிவிடும் என்று அவருக்குச் சொன்னேன். எனக்கும் அதுதான் நம்பிக்கை.

நடையில் தொடங்கினோம். முதலில் ட்ரெட்மில்லில் பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு நாற்பது. அதன் பிறகு சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரோடு கண்டிக்குப் போய் வாவியைச் சுற்றி நடந்தார். சொன்னதை அப்படியே செய்கிற ஆள். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒழுங்காக வரத் தொடங்கினார்கள். மாதத்துக்கு மாதம் பலகையில் அவருடைய எண் ஏறிக்கொண்டே போனது. ஐந்தாம் மாதம் எண்பத்தொரு கிலோ. பதினொரு கிலோ குறைவு. அன்று எல்லோரும் கைதட்டினோம். உரிமையாளர் கேள்விப்பட்டு, பெயர் போடாமல் அந்த எண்ணை மட்டும் எங்கள் முகநூல் பக்கத்தில் போட்டார்.

அதற்கு அடுத்த கிழமைதான் அது நடந்தது.

வகுப்பு முடியும் நேரம். எல்லோரும் தரையில் இருந்து கால்களை நீட்டித் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி நிமிடங்களில் வழக்கமாக வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வைக்கப் போய்விடுவேன். திரும்பிப் பார்த்தபோது மற்றவர்கள் எழுந்து அபாயாவைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நஸீமா அக்கா மட்டும் விரிப்பில் இருந்தார். ஒரு கை வாங்கின்மேல். உடம்பை முன்னுக்குத் தள்ளுகிறார், இடுப்பு ஓரளவு மேலே வருகிறது, தொடை நடுங்குகிறது, திரும்பவும் இருந்துவிடுகிறார். மூன்றாம் தடவை முயன்றபோது கையும் வழுக்கியது. பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார்.

நாலைந்து பேர் ஓடிப்போய் இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். அவர்களை நிறுத்தினேன். இதை மட்டும் அன்று சரியாகச் செய்தேன் என்று சொல்வேன். விழுந்த ஆளைக் கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு போகும், அதைவிட அந்த ஆளின் தைரியம் போகும். பக்கத்தில் நானும் தரையில் படுத்தேன். வலி எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். முதலில் பக்கமாகத் திரும்புவோம், பிறகு இரண்டு கையும் இரண்டு முழங்காலும், பிறகு வாங்கு, அவசரமே இல்லை என்றேன். அவர் செய்வதை நானும் பக்கத்தில் செய்தேன். எழும்பி வாங்கில் உட்கார ஏழெட்டு நிமிடம் ஆனது. அதற்குள் மற்றவர்களை நான் கண்காட்டி அனுப்பியிருந்தேன்.

தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

"தொண்ணூத்திரண்டு கிலோவுல எழும்பினன் மிஸ். இப்ப எம்பத்தொண்டுல எழும்ப ஏலாம ஈக்கி. இது எப்படி?"

களைப்பாக இருக்கும், இன்றைக்கு வெயில் கூட என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பேச்சு வாய்வரை வந்துவிட்டது. உங்களுக்கும் வரும். அந்த வாயை மூடிக்கொள்ளுங்கள். "எனக்குத் தெரியலக்கா. தெரிஞ்ச ஆள்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, மாடிப்படியில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

கண்டியில் ஒரு வைத்தியசாலையில் இயன்மருத்துவராக, அதாவது பிஸியோதெரபிஸ்டாக, வேலைசெய்த யாழ்ப்பாணப் பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவளிடம் போய்க் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அடுத்த நாளே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"தராசில பதினொரு கிலோ குறைஞ்சதைப் பாத்தனீங்கள் அக்கா. எதில இருந்து குறைஞ்சதெண்டு பாக்கேல்லை" என்றாள். "கொழுப்பு போயிருக்கு, ஓம். அதோட தொடைத் தசையும் போயிருக்கு. அந்த வயசில அது போறது லேசு, திரும்ப வாறதுதான் கஷ்டம்."

அதட்டிச் சொல்லவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்; அதனால் சுருக்கமாகச் சொன்னாள். முதலில் வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதிக்க வேண்டும், சாப்பாட்டைப் பார்க்க வேண்டும், பிறகு பாரம் தூக்கவைக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வெள்ளைப் பலகைதான் கண்ணுக்குள் நின்றது. வந்ததும் அதைக் கழற்றிச் சாமான் அறையில் வைத்தேன்.

நஸீமா அக்காவிடம் சாப்பாட்டைக் கேட்டபோது மெதுவாகத்தான் சொன்னார். காலையில் வெறுந்தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். மத்தியானம் கொஞ்சம் மரக்கறி. இரவில் ஒன்றுமில்லை. பலகையில் எண் ஏற ஏற இன்னும் குறைத்திருக்கிறார். நான் கைதட்டிய ஒவ்வொரு தடவையும் அவருடைய தட்டிலிருந்து ஏதோ ஒன்று போயிருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு அது சங்கடமாகவே இருக்கிறது.

"பிழை உங்க மேல இல்லக்கா. நான் விட்ட பிழை" என்றேன். வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்லக் கூடாது, நம்பிக்கை போய்விடும் என்று உரிமையாளர் பிறகு என்னைக் கடிந்துகொண்டார். அவருடைய கவலை அவருக்கு. ஆனால் நஸீமா அக்கா திரும்ப வந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் வந்திருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வைத்தியர் பார்த்துச் சரி சொன்ன பிறகு பாரம் தூக்கத் தொடங்கினோம். முதலில் அவர் மறுத்தார். டம்பெல் ஆண்களின் வேலை, உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும், மருமக்கள் சிரிப்பார்கள் என்றார். அந்தப் பயத்தைப் போக்க நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. உயரமான கதிரையில் இருந்து எழும்பச் சொன்னேன். அது முடிந்ததும் கொஞ்சம் பதிந்த கதிரை. பிறகு அதையும்விடப் பதிந்த வாங்கு. பிறகு கையில் சின்னதாக ஒரு பாரம். தான் ஆண்பிள்ளை வேலை செய்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தபோது ஒரு மாதம் போய்விட்டது. முட்டையும் மீனும் பருப்பும் தட்டுக்குத் திரும்பி வந்தன.

இங்கேதான் என் இரண்டாவது பிழை.

என்மேல் எனக்கே இருந்த கோபத்தில் நான் நடையை அடியோடு நிறுத்திவிட்டேன். ட்ரெட்மில் இல்லை, சைக்கிள் இல்லை, வாவியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நடைதான் அவருடைய தசையைத் தின்றுவிட்டது என்பது போல் ஆகிவிட்டது எனக்கு. நடை ஒரு குற்றமும் செய்யவில்லை. பாரம் இல்லாமல் அதை மட்டும் செய்யவிட்டதும் சாப்பாட்டைக் கேட்காததும்தான் குற்றம். பயந்துபோன பயிற்சியாளர் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி நேரே மற்றப் பள்ளத்தில் இறங்குவார் என்பதை எனக்கு அன்று சொல்ல ஆளில்லை. அந்த இயன்மருத்துவர்ப் பெண்ணிடம் திரும்பப் போய் நான் கேட்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழிந்தது. தராசு அசையவில்லை. ஒரு நாள் எண்பத்திரண்டு காட்டியது. நஸீமா அக்கா தராசிலிருந்து இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். முகநூலில் போட்ட எண் யாருடையது என்று ஊரில் நாலு பேர் தெரிந்து சேர்ந்திருக்கிறார்கள், இப்போது அவரே நின்றுவிட்டால் மற்றவர்களும் நிற்பார்கள் என்றார். பழையபடி ட்ரெட்மில்லில் ஏற்றி, சாப்பாட்டையும் குறைத்து, போகும் முன் இன்னும் ஐந்து கிலோ காட்டிவிடுங்கள், உம்ராவுக்குப் போகும்போது அவரும் சந்தோஷமாகப் போவார் என்றார். நியாயமாகப் பேசுகிற மனிதர் அவர். அந்தப் பேச்சும் கேட்கும்போது நியாயமாகவே இருந்தது. ஐந்து கிலோ குறைப்பது எனக்குப் பெரிய வேலையும் இல்லை. போனை எடுத்து, "வாங்கக்கா, ஒரு மாதத்தில ஐந்து கிலோ குறைச்சுத் தர்றேன்" என்று சொன்னால் அவர் வந்துவிடுவார். போன் கையிலேயே இருந்தது.

நான் அழைக்கவில்லை. அந்த ஐந்து கிலோ எதிலிருந்து போகும் என்று எனக்கே தெரியாமல் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. முதலில் ஆளைப் பார்ப்போம் என்று எட்டாம் நாள் மடவளை பஸ்ஸில் ஏறினேன்.

சந்தியில் இறங்கியபோது அவர் கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் சங்கடப்பட்டார். பிறகு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கூட்டிக்கொண்டு நடந்தார். வீடு ஒரு ஏற்றத்தில் இருந்தது. கொன்கிரீட் பாதை, இடையிடையே படிகள். பையை நான் கேட்டும் தரவில்லை. படிகளில் கால் உறுதியாக விழுந்தது. கைப்பிடிச் சுவரை அவர் தொடவே இல்லை. அதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரத் தொடங்கிய நேரம் அவர் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது. பேச முடியவில்லை. கொஞ்சம் நின்று திரும்ப நடந்தார். வீட்டு வாசலை அடைவதற்குள் மூன்று தடவை நிற்க வேண்டி வந்தது. நாலு மாதத்துக்கு முன்னர் வாவியை நிற்காமல் சுற்றி வந்த ஆள்.

கால் வந்துவிட்டது. மூச்சைக் கொண்டுபோய்விட்டேன்.

வீட்டுக்குள் போய் இருந்ததும் அதைத்தான் சொன்னேன். தேத்தண்ணி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. இரண்டாம் தடவையும் என் பிழை என்று சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள் அறையைக் காட்டினார். அங்கே முசல்லா, அதுதான் தொழுகை விரிப்பு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரித்திருந்தது. கதிரை சுவரோரம் ஒதுங்கியிருந்தது.

"இந்தக் கிழமதான், மிஸ். கட்டிலப் புடிச்சிட்டு எழும்புறன். ஒரு நாளைக்கு ஒரு தரம், விடிய சுபஹுத் தொழுகைக்கு மட்டும். உங்களுக்குச் செல்ல வெக்கமா ஈந்திச்சி, தராசு எறங்கல்லயே எண்டு."

மூன்று வருடத்துக்குப் பிறகு தொழுகையில் தரைக்குப் போய் வந்திருக்கிறார். அதைச் சாதனையாக நினைக்காமல், ஒரு கிலோ கூடிவிட்டதே என்று என்னிடம் வரவே வெட்கப்பட்டிருக்கிறார். அந்த வெட்கத்தை அவருக்குள் ஏற்றியவள் நான்தான். பலகையைக் கழற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குள் மாட்டியபடியே இருந்திருக்கிறது.

மிச்சம் மூன்றரை மாதம் இருந்தது. வாரத்தை இரண்டாகப் பங்குபோட்டோம். சில நாள் பாரம், சில நாள் நடை. இரண்டும் ஒரே நாளில் வந்தால் கால் களைக்கும் முன் பாரம், பிறகு நடை. ஒரு நாள் முழு ஓய்வு. இதையெல்லாம் நீங்கள் என்னைவிட ஒழுங்காகப் போடுவீர்கள். தராசை நான் ஒளித்துவைக்கவில்லை. அப்படிச் செய்கிறவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. வைத்தியர் குறைக்கச் சொன்ன நிறை அது, முழங்காலுக்குத் தேவை. மாதத்துக்கு ஒரு தடவை ஏறினார். அதற்குப் பக்கத்திலேயே வேறு இரண்டையும் கொப்பியில் எழுதினோம்: தரையிலிருந்து எழும்ப எதைப் பிடிக்க வேண்டியிருந்தது, வீட்டு ஏற்றத்தில் எத்தனை தடவை நிற்க வேண்டியிருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் தெரிவார். உரிமையாளருக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வற்புறுத்தவும் இல்லை.

கட்டிலைப் பிடித்தவர் முழங்காலில் கை ஊன்றி எழும்பினார். மூன்று தடவை நின்ற ஏற்றம் ஒரு தடவையானது. இடையில் ஒரு கிழமை முழங்கால் வீங்கி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டி வந்தது. இயன்மருத்துவர்ப் பெண்ணிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். புறப்படும் வாரம் நிறை எழுபத்தெட்டு. முதல் நாள் நான் கொப்பியில் எழுதிய இருபது கிலோவுக்கு ஆறு கிலோ குறைவு. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் மெலிய வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை, ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். மெலிந்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கவா, மூன்றாம் மாடி அலுவலகத்துக்கு ஏறவா, வயலுக்குப் போகவா? பதில் கிடைத்ததும் அதில் எவ்வளவு மூச்சு, எவ்வளவு தசை என்று பாருங்கள். பாரமா நடையா என்ற வாக்குவாதத்தை நம் தொழிலில் எல்லா இடத்திலும் கேட்பீர்கள். எதிரே நிற்கிற ஆளிடம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டால் அந்த வாக்குவாதத்துக்கு அநேகமாக இடமே இருக்காது. நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணைத் தரையில் விழவிட்டேன், அதே பெண்ணை ஏற்றத்தில் மூச்சிரைக்கவும் விட்டேன்.

நஸீமா அக்கா புறப்பட்ட மூன்றாம் கிழமை திரும்பி வந்தார். வகுப்பு நேரத்துக்குத்தான் வந்தார், பேரீச்சம்பழமும் மக்காவின் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டு. எல்லோருக்கும் கொடுத்து முடிந்து, சத்தம் அடங்கிய பிறகு, நான் என் தொழில் கேள்வியைக் கேட்டேன். கால் எப்படி, மூச்சு எப்படி?

கஃபாவை ஏழு சுற்றும் நிற்காமல் நடந்தாராம். ஸபாக் குன்றுக்கும் மர்வாக் குன்றுக்கும் இடையில் போய்வரும்போது இரண்டு தடவை ஓரமாக இருந்து ஆறிக்கொண்டாராம். அவரைவிட மெலிந்த தங்கையும் கூடவே உட்கார்ந்தாராம். அதையெல்லாம் சிரித்தபடி சொன்னார்.

"முதல் நாள் சுபஹுக்கு கதிர எடுக்காம நிலத்துலதான் நிண்டன், மிஸ். ரெண்டு பக்கமும் ஆரெண்டு தெரியா, வேற வேற நாட்டுப் பொண்டுகள். சுஜூதுலருந்து எல்லாரும் எழும்பினாங்க. நானும் எழும்பினன். ஒருத்தரும் என்னத் திரும்பிப் பாக்கல்ல."